கறுப்புக் கட்டம் போனது, கணக்கு மாறவில்லை: மெனோபாஸ் ஹார்மோன் சிகிச்சையின் பலனும் ஆபத்தும்

2025 நவம்பர் 10 அன்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. மாதவிடாய் நின்ற பெண்களுக்குத் தரப்படும் ஹார்மோன் மருந்துகளின் விவரச் சீட்டில் 2003 முதல் இருந்துவந்த கறுப்புக் கட்ட எச்சரிக்கையில் இருந்து இதய நோய், மார்பகப் புற்றுநோய், மறதிநோய் ஆகியவை பற்றிய வரிகளை நீக்கப்போவதாக அது சொன்னது. கறுப்புக் கட்டம் என்பது அந்த நிர்வாகம் ஒரு மருந்துக்குத் தரும் எச்சரிக்கைகளிலேயே கடுமையானது. அதைப் பார்த்துப் பயந்து மருந்தே வேண்டாம் என்று வந்துவிட்ட பெண்கள் ஏராளம். எழுதித் தரவே தயங்கிய மருத்துவர்களும் ஏராளம்.

அப்படியானால் இத்தனை வருடம் சொன்னது தவறா? மருந்து இப்போது பாதுகாப்பானதாகிவிட்டதா? புதிதாக ஏதோ பெரிய ஆய்வு வந்திருக்கிறது என்று நினைக்கத் தோன்றும். அப்படி ஒன்றும் வரவில்லை. 2002-இல் பயத்தைக் கிளப்பிய அதே ஆய்வின் எண்கள்தான் இன்றைய உற்சாகத்துக்கும் பெரிய ஆதாரம். எண்களை வாசிக்கும் விதம்தான் மாறியிருக்கிறது. முதலில் வாசித்ததில் ஒரு பிழை இருந்தது. இப்போது வாசிப்பதிலும் கொஞ்சம் இருக்கிறது. இரண்டையும் புரிந்துகொள்ள அடிப்படையில் இருந்து தொடங்க வேண்டும்.

உடம்பில் என்ன நடக்கிறது

பன்னிரண்டு மாதம் தொடர்ந்து மாதவிடாய் வராமல் இருந்தால் அதை மெனோபாஸ் என்கிறார்கள். கடைசி மாதவிடாய் எதுவென்று ஒரு வருடம் கழித்துத்தான் தெரியவரும் என்பது இதில் உள்ள வேடிக்கை. அதற்கு முந்தைய சில வருடங்கள், அதாவது சுழற்சி முன்னே பின்னே ஆகும் காலம், பெரிமெனோபாஸ். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் மெனோபாஸின் சராசரி வயது 51. இந்தியாவில் 46, 47.

சினைப்பைகளில் முட்டைகளின் இருப்பு தீரும்போது ஈஸ்ட்ரோஜன் சுரப்பு வீழ்கிறது. இந்த ஹார்மோனுக்குக் கர்ப்பப்பையில் மட்டும் வேலை இல்லை. மூளை, எலும்பு, ரத்தக்குழாய், சிறுநீர்ப்பாதை, பிறப்புறுப்பின் தோல் என்று பல இடங்களில் உண்டு. ஆகவே குறைபாடும் பல இடங்களில் தெரியும்.

அதிகம் பேசப்படுவது ஹாட் ஃப்ளஷ். மார்பில் இருந்து கழுத்துக்கும் முகத்துக்கும் குப்பென்று சூடு ஏறி, வியர்த்துக் கொட்டி, சில நிமிடத்தில் அடங்கி, சில சமயம் அப்புறம் குளிரெடுக்கும். இது மனப் பிரமை இல்லை. மூளையில் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி உடல் வெப்பத்தைக் கண்காணிக்கிறது. அங்குள்ள ஒரு வகை நரம்பு செல்களை ஈஸ்ட்ரோஜன் அடக்கி வைத்திருக்கும். அது போனதும் அவை அளவுக்கு மீறித் துடிக்கின்றன. உடம்பு இயல்பான சூட்டில்தான் இருக்கும். ‘வெந்துபோகிறது, ஆற்று’ என்று மூளை உத்தரவிடும். உடனே தோலின் ரத்தக்குழாய்கள் விரியும், வியர்வை வழியும். இரவில் நாலைந்து முறை இப்படி நடந்தால் தூக்கம் போகும். தூக்கம் போனால் மறுநாள் எரிச்சல், மறதி, அசதி எல்லாம் வரும்.

இது எத்தனை காலம்? ஆறு மாதத்தில் சரியாகிவிடும் என்பார்கள். அமெரிக்காவில் பல இனப் பெண்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஸ்வான் ஆய்வில், அடிக்கடி சூடு ஏறும் தொல்லை நீடித்த காலத்தின் இடைநிலை அளவு 7.4 ஆண்டுகள். ‘கொஞ்சம் பொறுத்துக்கோம்மா’ என்ற ஆறுதலைச் சொல்லும் முன் இந்த எண்ணை நினைத்துக்கொள்வது நல்லது.

எலும்பு சத்தமில்லாமல் தேயும். மாதவிடாய் நின்ற முதல் சில ஆண்டுகளில் இழப்பு வேகமாக இருக்கும். பிறப்புறுப்பு வறட்சியும் திரும்பத் திரும்ப வரும் சிறுநீர்த் தொற்றும் மற்றொரு தொகுதி. சூடு ஏறுவது காலப்போக்கில் தானாக அடங்கும். வறட்சி மட்டும் அடங்காது, கூடிக்கொண்டே போகும்.

மருந்தில் இருப்பது எது

சிகிச்சையின் கருத்து எளிது: குறைந்துபோன ஈஸ்ட்ரோஜனைக் கொஞ்சம் வெளியில் இருந்து கொடுப்பது. அமெரிக்காவில் 1942-இல் பிரெமரின் என்ற மாத்திரை வந்தது. கருவுற்ற பெண் குதிரைகளின் சிறுநீரில் இருந்து பிரித்தெடுத்த ஈஸ்ட்ரோஜன் கலவை அது. ஆங்கிலத்தில் அந்த மூலப்பொருளின் பெயரைச் சுருக்கித்தான் மருந்துக்கும் பெயர் வைத்தார்கள். அறுபதுகளில் இளமையைத் தக்கவைக்கும் மருந்தாகவே அது விற்பனையானது.

1975-இல் முதல் அடி விழுந்தது. ஈஸ்ட்ரோஜனை மட்டும் எடுத்த பெண்களுக்குக் கர்ப்பப்பை உட்சுவரில் புற்றுநோய் பல மடங்கு அதிகமாக வருவது தெரிந்தது. காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். மாதவிடாய்ச் சுழற்சியில் ஈஸ்ட்ரோஜன் உட்சுவரைத் தடிக்கச் செய்யும். புரோஜெஸ்டிரோன் அந்த வளர்ச்சியை நிறுத்தும். முதலாவதை மட்டும் கொடுத்தால் உட்சுவர் வளர்ந்துகொண்டே போகும். அதில் இருந்து வந்த விதி இன்றும் மாறவில்லை:

1. கர்ப்பப்பை உள்ள பெண்ணுக்கு ஈஸ்ட்ரோஜனுடன் புரோஜெஸ்டிரோனோ அது போன்ற ஒரு மருந்தோ சேர்த்துத் தர வேண்டும். இது கூட்டு சிகிச்சை.

2. கர்ப்பப்பை அகற்றப்பட்டவருக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும்.

இந்த இரண்டும் வெவ்வேறு சிகிச்சைகள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் இனி வரும் குழப்பத்தில் பாதி தீரும். 2025 அறிவிப்பும் ஈஸ்ட்ரோஜன் மட்டும் உள்ள, உடல் முழுக்கப் பரவும் மருந்துகளில் கர்ப்பப்பைப் புற்றுநோய் பற்றிய கறுப்புக் கட்டத்தைத் தொடவில்லை. செய்திகளில் இந்த வரி பெரும்பாலும் விடுபட்டுப் போனது.

2002 ஜூலையில் விழுந்த இடி

தொண்ணூறுகளில் நிலவரம் தலைகீழ். ஹார்மோன் எடுக்கும் பெண்களுக்கு மாரடைப்பு குறைவாக வருகிறது என்று பல ஆய்வுகள் காட்டின. அவற்றில் புகழ்பெற்றது அமெரிக்கச் செவிலியர்களை 1976 முதல் பின்தொடர்ந்த ஆய்வு. ஆனால் அது வெறும் கவனிப்பு ஆய்வு. யார் மருந்து எடுப்பது என்பதை ஆய்வாளர்கள் தீர்மானிக்கவில்லை, பெண்களே தீர்மானித்தார்கள். மருந்து எடுத்தவர்கள் சராசரியாக வசதி கூடியவர்கள், புகை குறைத்தவர்கள், மருத்துவரிடம் ஒழுங்காகப் போகிறவர்கள். அவர்களுக்கு மாரடைப்பு குறைந்தது மருந்தாலா, வாழும் முறையாலா? இதைப் பிரித்துப் பார்க்க ஒரே வழி சீட்டுக் குலுக்குவதுபோல் பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மருந்தும் மற்றதற்கு வெற்று மாத்திரையும் கொடுத்துப் பார்ப்பது.

அதைத்தான் ‘விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்’ என்ற மாபெரும் ஆய்வு செய்தது. அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனங்கள் 1991-இல் தொடங்கியது. கூட்டு சிகிச்சைப் பிரிவில் கர்ப்பப்பை உள்ள 16,608 பெண்கள், வயது 50 முதல் 79 வரை. ஈஸ்ட்ரோஜன் மட்டும் தந்த பிரிவில் கர்ப்பப்பை அகற்றப்பட்ட 10,739 பெண்கள். மருந்து தந்த நோக்கம் சூடு ஏறுவதைத் தணிப்பது அல்ல. இதய நோயைத் தடுக்குமா என்று பார்ப்பது. நோக்கம் அதுவானதால்தான் இதய நோய் வரக்கூடிய வயதில் உள்ளவர்களை அதிகம் சேர்த்தார்கள்.

2002 ஜூலையில், சராசரியாக 5.2 ஆண்டுகளில், கூட்டு சிகிச்சைப் பிரிவை முன்கூட்டியே நிறுத்தினார்கள். மாரடைப்பு குறையவில்லை, கூடியது. மார்பகப் புற்றுநோயும் கூடியது. உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தி: ஹார்மோன் சிகிச்சையால் மார்பகப் புற்றுநோய் 26 சதவீதம் அதிகம். லட்சக்கணக்கான பெண்கள் மாத்திரைகளைத் தூக்கி எறிந்தார்கள். அமெரிக்காவில் 1999-இல் மாதவிடாய் நின்ற பெண்களில் சுமார் 27 சதவீதம் பேர் எடுத்துவந்த சிகிச்சையை 2020-இல் எடுத்தவர்கள் 5 சதவீதத்துக்கும் குறைவு.

26 சதவீதம் என்றால் எத்தனை பேர்

100 பேரில் 26 பேருக்குப் புற்றுநோய் என்றே பலர் புரிந்துகொண்டார்கள். அது பிழை. சதவீதம் சொல்வது ஒப்பீட்டு ஆபத்தை, அதாவது ஏற்கெனவே இருக்கும் ஆபத்து எவ்வளவு பெருகியது என்பதை. கையில் எண்ணிப் பார்க்க வேண்டியது நேரடி ஆபத்து. அந்த ஆய்வில் 10,000 பெண்களை ஓராண்டு பார்த்தால் வெற்று மாத்திரைப் பிரிவில் 30 பேருக்கும் மருந்துப் பிரிவில் 38 பேருக்கும் மார்பகப் புற்றுநோய். கூடுதல் 8.

இதே அளவுகோலில், 10,000 பெண்களுக்கு ஓராண்டில், கூட்டு சிகிச்சையின் முழுக் கணக்கு இது:

1. மாரடைப்பு உள்ளிட்ட இதய நிகழ்வுகள் 7 கூடின.

2. பக்கவாதம் 8 கூடியது.

3. நுரையீரலில் ரத்தக்கட்டி அடைப்பது 8 கூடியது.

4. மார்பகப் புற்றுநோய் 8 கூடியது.

5. பெருங்குடல் புற்றுநோய் 6 குறைந்தது.

6. இடுப்பு எலும்பு முறிவு 5 குறைந்தது.

எண்கள் சிறியவை. ஆனால் ‘வெறும் 8 தானே’ என்று தள்ளிவிடவும் முடியாது. இது ஓராண்டுக் கணக்கு. பத்து ஆண்டு எடுத்தால் அதற்கேற்ப ஏறும். மேலும் அந்த ஆய்வு தேடியது தடுப்பு மருந்தை. ஆரோக்கியமாக நடமாடும் பெண்ணுக்கு வருமுன் காக்க என்று ஒன்றைக் கொடுத்து, அது 10,000-இல் சிலருக்கு நோயைத் தருமானால் அந்த வேலைக்கு அது லாயக்கில்லை. அந்த வகையில் 2002-இன் தீர்ப்பு சரியானதே. தவறு அடுத்த அடியில் நடந்தது: இரவெல்லாம் வியர்த்துத் தூங்க முடியாத 49 வயதுப் பெண்ணுக்கும் அதே தீர்ப்பைப் பொருத்தினார்கள்.

சராசரி மறைத்தவை

ஆய்வில் சேர்ந்த பெண்களின் சராசரி வயது 63. ஐம்பதுகளில் இருந்தவர்கள் மூன்றில் ஒரு பங்குதான். மருத்துவமனையில் இந்தச் சிகிச்சையைக் கேட்டு வருகிறவர்கள் நாற்பதுகளின் கடைசியிலும் ஐம்பதுகளின் தொடக்கத்திலும் உள்ளவர்கள். சராசரியைப் பிரித்துப் பார்த்ததும் மூன்று விஷயங்கள் வெளிவந்தன.

முதலாவது, தொடங்கும் காலம். 2007-இல் இரு பிரிவுகளையும் சேர்த்து மறுபடி அலசினார்கள். மாதவிடாய் நின்று 10 ஆண்டுக்குள் தொடங்கியவர்களிடம் இதய நோய் கூடவில்லை. கொஞ்சம் குறைந்திருந்தது, ஆனால் அந்தக் குறைவு தற்செயலாகவும் இருக்கலாம். 20 ஆண்டு கழிந்தபின் தொடங்கியவர்களிடம் 28 சதவீதம் கூடியது. ஏன் இப்படி? ரத்தக்குழாய் சுத்தமாக இருக்கும்போது ஈஸ்ட்ரோஜன் அதன் நெகிழ்வைக் காக்கிறது; ஏற்கெனவே கொழுப்புப் படிந்த குழாயிலோ அந்தப் படிவைக் குலைத்துவிடக்கூடும். இது பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். 643 பெண்களை வைத்து நடந்த எலைட் என்ற ஆய்வில், மெனோபாஸ் ஆகி 6 ஆண்டுக்குள் தொடங்கியவர்களுக்குக் கழுத்துத் தமனியின் சுவர் தடிப்பது மெதுவானது. 10 ஆண்டுக்குப் பின் தொடங்கியவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. ‘60 வயதுக்குள், அல்லது நின்று 10 ஆண்டுக்குள்’ என்று இன்று சொல்லப்படும் வரம்பு இங்கிருந்து வந்தது. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பக்கவாதம் மட்டும் இந்தக் கணக்குக்குக் கட்டுப்படவில்லை. எப்போது தொடங்கினாலும் அதன் ஒப்பீட்டு ஆபத்து சுமார் 30 சதவீதம் கூடியது. இளவயதில் பக்கவாதமே அரிது என்பதால் நேரடி எண்ணிக்கை சிறியது, அவ்வளவுதான்.

இரண்டாவது, ஈஸ்ட்ரோஜன் மட்டும் தந்த பிரிவின் முடிவு. 2004-இல் அதையும் நிறுத்தினார்கள், பக்கவாதம் கூடியதால். ஆனால் அங்கே மார்பகப் புற்றுநோய் கூடவில்லை, குறைந்தது. 20 ஆண்டு கழித்துப் பார்த்தபோது வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிட அவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் 22 சதவீதம் குறைவு. அதனால் இறப்பதும் குறைவு. கூட்டு சிகிச்சைப் பிரிவில் 28 சதவீதம் அதிகம். அங்கே இறப்பில் தெளிவான வேறுபாடு இல்லை. ஈஸ்ட்ரோஜன் என்றாலே மார்பகப் புற்றுநோய் என்று நம்பியிருந்தவர்களை இது திகைக்க வைத்தது. அந்த ஆய்வின் கூட்டு சிகிச்சையில் புரோஜெஸ்டிரோனுக்குப் பதிலாகப் பயன்பட்ட மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோன் என்ற செயற்கைப் பொருளின் மீது சந்தேகம் திரும்பியது அதனால்தான். உடம்பில் சுரப்பதை ஒத்த நுண்துகள் புரோஜெஸ்டிரோனை எடுத்த பிரெஞ்சுப் பெண்களிடம் ஆபத்து குறைவாகத் தெரிந்தது. அதுவும் கவனிப்பு ஆய்வுதான் என்பதால் நம்பிக்கை தருகிறது என்று சொல்லலாம், உறுதி என்று சொல்ல முடியாது.

மூன்றாவது, மருந்து உடம்புக்குள் போகும் வழி. மாத்திரையை விழுங்கினால் குடலில் இருந்து நேரே கல்லீரலுக்குப் போகும். அந்தச் செறிவில் ஈஸ்ட்ரோஜனைப் பெறும் கல்லீரல் ரத்தம் உறையச் செய்யும் புரதங்களை அதிகம் தயாரிக்கும். அங்கிருந்துதான் காலின் ரத்தக்குழாயிலும் நுரையீரலிலும் ரத்தக்கட்டி. தோலில் தடவும் ஜெல்லோ ஒட்டும் பட்டையோ கல்லீரலைச் சுற்றிக்கொண்டு ரத்தத்தில் நேரே கலக்கிறது. அப்படி எடுத்தவர்களிடம் ரத்தக்கட்டி கூடவில்லை என்று பிரான்ஸிலும் பிரிட்டனிலும் நடந்த ஆய்வுகள் காட்டுகின்றன. 2002 ஆய்வில் எல்லோருக்கும் கொடுத்தது மாத்திரை.

இந்த மூன்றையும் விட்டுவிட்டு ‘ஹார்மோன் சிகிச்சை நல்லதா கெட்டதா’ என்று கேட்டால் பதில் கிடைக்காது. எந்த வயதில், கர்ப்பப்பை உண்டா இல்லையா, எந்த மருந்து, எந்த வழி, எதற்காக என்று கேட்டால் ஓரளவு தெளிவான பதில் உண்டு.

கறுப்புக் கட்டத்தின் மிகப்பெரிய அபத்தம் பிறப்புறுப்பில் வைக்கும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் க்ரீமுக்கும் அதே எச்சரிக்கையை ஒட்டியது. அந்த க்ரீம் ரத்தத்தில் கலப்பது மிகச் சொற்பம். வறட்சியையும் திரும்ப வரும் சிறுநீர்த் தொற்றையும் அது குறைக்கிறது. மாரடைப்பு, மறதிநோய் என்று அச்சிட்ட சீட்டைப் பார்த்து அந்த க்ரீமைத் தொடாமல் வைத்த எழுபது வயதுப் பெண்கள் அடுத்தடுத்து ஆன்டிபயாடிக் சாப்பிட்டதுதான் மிச்சம். அந்தக் கட்டத்தை எடுத்தது சரி. தாமதமாக எடுத்தார்கள் என்பதே குறை.

மார்பகப் புற்றுநோய்: ஒத்துப்போகாத இரு கணக்குகள்

பெண்கள் அதிகம் பயப்படுவது இதற்குத்தான் என்பதால் கொஞ்சம் நின்று பார்க்கலாம். 2019-இல் லான்செட் மருத்துவ இதழில் 58 ஆய்வுகளைத் திரட்டி ஓர் அலசல் வந்தது. அதன்படி 50 வயதில் தொடங்கி 5 ஆண்டு தினசரிக் கூட்டு சிகிச்சை எடுத்தால், 69 வயது வரையிலான காலத்தில் மார்பகப் புற்றுநோய் வருவது 100-க்கு 6.3 என்பதில் இருந்து 8.3 ஆகும். அதாவது 50 பெண்களில் ஒருவருக்குக் கூடுதலாக. ஈஸ்ட்ரோஜன் மட்டும் என்றால் 200-இல் ஒருவருக்குக் கூடுதல்.

இந்தக் கடைசி வரி முன்பு பார்த்த ஆய்வுக்கு நேர் எதிர். அங்கே ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்தவர்களுக்குக் குறைந்தது, இங்கே கூடுகிறது. ஒன்று குலுக்கல் முறை ஆய்வு, ஆனால் அதில் இருந்தவர்கள் பலர் வயதானவர்கள், உடல் எடை கூடியவர்கள். மற்றது மிகப் பெரியது, ஆனால் கவனிப்பு ஆய்வுகளின் தொகுப்பு. எது சரி என்று நிபுணர்களே இன்னும் மோதிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டிலும் ஒத்துவருவது மூன்று: கூட்டு சிகிச்சை ஆபத்தைக் கூட்டும், ஆண்டுகள் ஏற ஏற அது ஏறும், ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுப்பதன் ஆபத்து அதைவிடக் குறைவு. முடிவெடுக்க இது போதும்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கணக்கு: பிரிட்டனில் ஐம்பதுகளில் உள்ள 1,000 பெண்களை 5 ஆண்டு பார்த்தால் 23 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வரும். கூட்டு சிகிச்சையால் கூடுவது 4. உடல் பருமனால் கூடுவது 24. இந்த ஒப்பீட்டைச் சிலர் ஹார்மோனுக்கு வக்காலத்து வாங்கப் பயன்படுத்துகிறார்கள். பருமனோடு ஹார்மோனும் சேர்ந்தால் ஒன்று மற்றதை ரத்து செய்துவிடாது. அளவு புரிய மட்டும் இது உதவும்.

இப்போதைய உற்சாகத்தில் உள்ள மிகை

2025 அறிவிப்போடு வந்த வாசகங்களில், உரிய காலத்தில் தொடங்கினால் இதய நோய் 50 சதவீதம் வரையும் மறதிநோயில் ஒரு வகையான அல்சைமர் நோய் 35 சதவீதமும் குறையலாம் என்று இருந்தது. இங்கேதான் கவனம் தேவை. இந்தப் பெரிய எண்கள் பெரும்பாலும் கவனிப்பு ஆய்வுகளில் இருந்து வருபவை. செவிலியர் ஆய்வு தொண்ணூறுகளில் எந்தப் பள்ளத்தில் தள்ளியதோ அதே பள்ளம்.

மறதிநோயை எடுத்துக்கொள்வோம். 65 வயதுக்கு மேல் கூட்டு சிகிச்சை தொடங்கியவர்களிடம் அது இரு மடங்கானது என்று 2003-இல் தெரிந்தது. மெனோபாஸை ஒட்டித் தொடங்கியவர்களை வைத்து நடந்த குலுக்கல் ஆய்வுகளில் நினைவாற்றலுக்குக் கெடுதலும் இல்லை, பலனும் இல்லை. ஆகவே ஐம்பது வயதில் சூடு ஏறுவதற்காக எடுப்பவர் மறதிநோயை நினைத்துப் பயப்பட வேண்டாம். அதைத் தடுக்கும் என்று எண்ணி எடுக்கவும் வேண்டாம்.

ஒட்டுமொத்த இறப்பைப் பார்த்தால், அதே 2002 ஆய்வின் 18 ஆண்டுப் பின்தொடர்தலில் மருந்து எடுத்தவர்களில் 27.1 சதவீதம் பேரும் வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 27.6 சதவீதம் பேரும் இறந்திருந்தார்கள். ஆயுளைக் குறைக்கும் மருந்தும் இல்லை, நீட்டிக்கும் மருந்தும் இல்லை. நாட்பட்ட நோய்களைத் தடுப்பதற்காக மட்டும் இதை எடுக்க வேண்டாம் என்று அமெரிக்கத் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2022-இலும் சொன்னது. தொல்லைக்கு மருந்தாக நல்லது, காப்பீடாக வாங்கினால் ஏமாற்றம் என்று இதை வாசிக்கலாம். எலும்பு மட்டும் விதிவிலக்கு: முறிவைக் குறைக்கிறது என்பதில் சந்தேகம் இல்லை.

தொல்லைக்கு எவ்வளவு நல்லது? சூடு ஏறும் தடவைகளை வெற்று மாத்திரையைவிடச் சுமார் 75 சதவீதம் குறைக்கிறது. இதில் ஒரு சுவாரசியம், அந்த ஆய்வுகளில் வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கே 58 சதவீதம் வரை குறைந்திருந்தது. சந்தையில் விற்கும் பல மூலிகைப் பொடிகளின் ‘அனுபவச் சான்றுகள்’ எங்கிருந்து வருகின்றன என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை.

யாருக்குத் தராசு எந்தப் பக்கம்

1. 60 வயதுக்குள், நின்று 10 ஆண்டுக்குள், தூக்கத்தையும் வேலையையும் கெடுக்கும் அளவு தொல்லை, வேறு பெரிய நோய் இல்லை: பலன் பக்கம். தோல்வழி ஈஸ்ட்ரோஜனும், கர்ப்பப்பை இருந்தால் நுண்துகள் புரோஜெஸ்டிரோனும் இன்று பல மருத்துவர்கள் முதலில் நினைப்பவை.

2. மார்பகப் புற்றுநோய் வந்தவர், மாரடைப்போ பக்கவாதமோ கண்டவர், ரத்தக்கட்டி வந்தவர், கல்லீரல் நோய் தீவிரமாக உள்ளவர், காரணம் தெரியாத ரத்தப்போக்கு உள்ளவர்: ஆபத்துப் பக்கம். பொதுவாகத் தருவதில்லை.

3. 60 தாண்டி, பல ஆண்டு சும்மா இருந்துவிட்டுச் செய்தியைப் பார்த்து இப்போது தொடங்கலாமா என்று கேட்பவர்: பொதுவாக வேண்டாம். ஏற்கெனவே எடுத்து வருகிறவர் 60 ஆனதும் நிறுத்தியே தீர வேண்டுமா என்பது வேறு கேள்வி. அதற்குக் கட்டாய விதி இல்லை, ஆண்டுக்கொரு முறை மருத்துவரோடு உட்கார்ந்து கணக்குப் பார்ப்பதே வழக்கம்.

4. வறட்சியும் சிறுநீர்த் தொற்றும் மட்டுமே தொல்லை: உள்ளே வைக்கும் க்ரீம் போதும், மாத்திரை தேவையில்லை.

5. 40 வயதுக்கு முன்பே நின்றுவிட்டவர்: இவரைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும்.

சீக்கிரம் நின்றவர்களின் கணக்கே வேறு

முப்பத்தெட்டு வயதில் ஈஸ்ட்ரோஜன் போன பெண்ணுக்கு, இயல்பாக நிற்கும் வயது வரை பத்துப் பன்னிரண்டு வருடம் எலும்பும் ரத்தக்குழாயும் பாதுகாப்பின்றி இருக்கும். இவருக்கு ஹார்மோன் தருவது கூடுதலாக ஒன்றைத் திணிப்பது அல்ல, இருந்திருக்க வேண்டியதை ஈடு செய்வது. 2002 ஆய்வில் 50 வயதுக்குக் கீழ் ஒருவர்கூட இல்லை. அதன் எண்களை இவர்மீது ஏற்றுவதற்கு அடிப்படையே கிடையாது. தடை எதுவும் இல்லையென்றால் இயல்பான மெனோபாஸ் வயது வரையாவது கொடுக்க வேண்டும் என்பதில் மருத்துவ வழிகாட்டு நெறிகள் ஒத்துப்போகின்றன.

இந்தியாவில் இது சின்ன விஷயம் இல்லை. இளவயதிலேயே கர்ப்பப்பையை எடுத்துவிடுவது இங்கே பரவலாக நடக்கிறது. தேசியக் குடும்பநல ஆய்வில் ஆந்திராவும் தெலங்கானாவும் முன்னணியில் உள்ளன. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் கூலி கெடக் கூடாது என்று கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டது 2019-இல் வெளிவந்தபோது, அரசுக் குழு விசாரித்த சுமார் 82,000 பெண்களில் 13,000-க்கு மேற்பட்டோருக்கு அறுவை நடந்திருந்தது. கர்ப்பப்பையோடு சினைப்பைகளும் போனால் ஈஸ்ட்ரோஜன் ஒரே நாளில் நின்றுவிடும். இயல்பான மெனோபாஸ் சரிவு என்றால் இது கிணற்றில் தள்ளுவது. சினைப்பையை விட்டுவைத்தாலும் சற்று முன்கூட்டியே அது ஓயக்கூடும். சுரக்காத ஹார்மோனுக்கு ஈடு மிகவும் தேவைப்படும் இந்தப் பெண்களுக்கு அது கிடைப்பதில்லை. வெளிநாட்டு மருந்துச் சீட்டில் கறுப்புக் கட்டம் இருந்தாலும் போனாலும் அவர்களுக்கு ஒன்றுதான். கர்ப்பப்பை எடுத்த எவரும், எந்த வயதிலும், கையில் வைத்திருக்க வேண்டிய தகவல் ஒன்று: சினைப்பைகள் இருக்கின்றனவா, எடுத்துவிட்டார்களா? டிஸ்சார்ஜ் சீட்டில் அது எழுதியிருக்கும்.

ஹார்மோன் முடியாதவர்களுக்கு

முன்பு சொன்ன அந்த மூளை நரம்பு செல்களையே குறிவைக்கும், ஹார்மோன் இல்லாத மருந்துகள் வந்துவிட்டன. ஃபெசோலினிடன்ட் 2023-லும் எலின்சானிடன்ட் 2025-லும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. முதல் மருந்துக்குக் கல்லீரல் பாதிப்பு பற்றிக் கறுப்புக் கட்டமே உண்டு. ஹார்மோன் இல்லை என்பதால் ஆபத்து இல்லை என்று ஆகாது. மனச்சோர்வுக்கான சில மாத்திரைகளும் வலிப்புக்குத் தரும் காபாபென்டினும் சூட்டை ஓரளவு தணிக்கின்றன. சோயாவின் பலன் சொற்பம்.

ஹார்மோன் எடுக்கத் தொடங்கிய முதல் சில மாதங்களில் லேசாக ரத்தம் படுவது சகஜம். மற்றபடி, மருந்து எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், மாதவிடாய் நின்று ஒரு வருடம் ஆனபின் ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். பெரும்பாலும் வறண்ட தோல் உரசியதாக இருக்கும். சில சமயம் கர்ப்பப்பை உட்சுவர்ப் புற்றுநோயின் முதல் அறிகுறி அதுவாக இருக்கும், அந்தக் கட்டத்தில் பிடித்தால் பெரும்பாலும் குணமாகும்.